ஒரே குழுமம், பல கம்பனிகள்: தகவல் பாதுகாப்பு ஆளுகை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலையகத்தில் தோட்டங்களை நடத்தும் குழுமங்கள் பல இப்போது தேயிலையோடு மட்டும் நிற்பதில்லை. தோட்டமும் ஸ்டோரும் (தேயிலைத் தொழிற்சாலை) ஒரு பக்கம் இருக்க, பழைய துரை (தோட்ட முகாமையாளர்) பங்களாவை மாற்றிய ஹோட்டல், ஓடைக்கரையில் சிறு நீர்மின் நிலையம், கொழும்பில் பொதிசெய்து ஏற்றுமதி செய்யும் கம்பனி, லொறிகள் என்று இன்னொரு பக்கம் வளர்ந்திருக்கிறது. நான் வேலை செய்யும் குழுமமும் அப்படித்தான். இத்தனைக்கும் தகவல் பாதுகாப்பில் ஒரே ஒழுங்கைக் கொண்டுவரும் வேலையாக ஹட்டன், பண்டாரவளை, கொழும்பு என்று அலைந்ததில் ஒரே சந்தேகங்களைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். பயிற்சி வகுப்பில் யாரும் வாய் திறப்பதில்லை. தேத்தண்ணி குடிக்கும்போதுதான் கேட்பார்கள். கேட்டபடியே கீழே எழுதியிருக்கிறேன்.

1. எல்லாக் கம்பியூட்டர்லயும் ஆன்டிவைரஸ் போட்டாச்சு. அப்புறம் என்னங்க இந்த "ஆளுகை"?

ஆன்டிவைரஸ் ஒரு பூட்டு. எந்தக் கதவுக்குப் பூட்டு வேண்டும், சாவி யாரிடம் இருக்கும், சாவி தொலைந்தால் யார் பதில் சொல்வது என்று முடிவு செய்வதுதான் ஆளுகை. பூட்டு வாங்குவது கணினிப் பிரிவின் வேலை. முடிவெடுப்பது பணிப்பாளர் சபையின் வேலை.

ஒரு சின்ன உதாரணம். தோட்டத்தின் ஒரு பிரிவான டிவிஷனில் மின்னணுத் தராசில் கொழுந்து நிறுக்கிறார்கள். எண்ணிக்கை கருவியிலிருந்து ஒப்பீஸ் கணினிக்குப் போகிறது. பின்னேரம் "இந்த அம்மாவுக்கு இரண்டு கிலோ குறைவாக விழுந்துவிட்டது" என்று யாரோ சொல்கிறார். அந்த எண்ணை மாற்ற யாருக்கு அதிகாரம்? மாற்றியது எங்கே பதிவாகும்? அதை யார் பார்ப்பார்கள்? இந்த மூன்றுக்கும் எழுத்தில் பதில் இருந்தால் உங்களிடம் ஆளுகை இருக்கிறது. "அது கிளாக்கர் ஐயா பார்த்துக்குவாரு" என்பதே பதிலானால் இல்லை.

2. எங்க தோட்டத்துல திருடுறதுக்கு என்ன இருக்கு? கொழுந்துக் கணக்குதானே?

தொழிலாளரின் வரவும் சம்பளமும் பதியும் செக்ரோலைத் திறந்து பாருங்கள். பெயர், அடையாள அட்டை இலக்கம், வங்கிக் கணக்கு, சேமலாப நிதி இலக்கம், எத்தனை பேர் (ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர்) விழுந்தது, எந்தக் கடனுக்கு எவ்வளவு வெட்டு, எந்தச் சங்கத்துக்குச் சந்தா எல்லாம் அதில் இருக்கிறது. ஒரு குடும்பத்தின் நிலைமையை அவர்களுடைய லயத்து அயலவரைவிட அந்தக் கோப்பு நன்றாகச் சொல்லும். தோட்டத்து மருந்தகப் பதிவேடும் பிள்ளைக் காம்பறாப் (குழந்தைகள் காப்பகம்) பதிவேடும் கணினிக்கு வந்துவிட்டால் நோயும் குழந்தைகளின் விவரமும் அதோடு சேரும். வரவுக்குக் கைவிரல் இயந்திரம் வைத்த இடங்களில் ரேகையும் இருக்கும். கடவுச்சொல்லை மாற்றலாம், ரேகையை மாற்ற முடியாது.

திருட்டு மட்டுமே ஆபத்து என்றும் நினைக்க வேண்டாம். செக்ரோலில் ஒரு நாள் விடுபட்டால் அந்த நாள் கூலியோடு அதன் மேல் சேமலாப நிதிக்கான தொழிலாளியின் 8 வீதமும் கம்பனியின் 12 வீதமும் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கான 3 வீதமும் சேர்ந்து பிழையாகும். சம்பளத்துக்கு இரண்டு நாள் முன்னால் அந்தக் கணினி திறக்காமல் போனால் என்ன நடக்கும் என்பதை ஒப்பீஸ் வாசலில் நின்று பார்த்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

3. ஒவ்வொண்ணும் தனித்தனி கம்பனி, தனித்தனி சபை. கொழும்பு ஏன் நமக்குச் சொல்லணும்?

நியாயமான கேள்வி. 2007-ம் ஆண்டின் 7-ம் இலக்கக் கம்பனிகள் சட்டப்படி ஒவ்வொரு கம்பனியும் தனிச் சட்ட ஆள், பணிப்பாளர்களுக்குத் தங்கள் கம்பனி மீது கடமை உண்டு. சில தோட்டக் கம்பனிகள் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டவை, அவற்றில் வெளியார் பங்கும் இருக்கிறது. 1992-ல் பிராந்திய பெருந்தோட்டக் கம்பனிகள் உருவானபோது நிலம் விற்கப்படவில்லை, அரசிடமிருந்து குத்தகைக்கே வந்தது. ஆகவே தலைமையகம் ஒரு மின்னஞ்சல் அனுப்பி "இன்றிலிருந்து இதுதான் விதி" என்றால் அதற்குச் சட்டப் பெறுமதி குறைவு, மரியாதை அதைவிடக் குறைவு.

நாங்கள் போன வழி இது. குழுமம் ஒரு கொள்கையை எழுதும். ஒவ்வொரு கம்பனியின் சபையும் அதைப் படித்துத் தீர்மானம் போட்டுத் தன் கொள்கையாக ஏற்கும். அதே தீர்மானத்தில் பொறுப்பாளி ஒருவரின் பெயரும் இருக்கும். பதவியை மட்டும் எழுதினால் அந்தப் பதவி காலியாகும் மாதத்தில்தான் ஏதாவது நடக்கும். தீர்மானம் வந்த பிறகு விதி கொழும்புடையதில்லை, உங்கள் கம்பனியுடையது. பாதிப் பங்குகூட நம்மிடம் இல்லாத கம்பனிகளின் கதை வேறு, அது 13-ம் கேள்வியில்.

4. அப்போ எல்லாரும் ஒரே சொப்ட்வெயாருக்கு மாறணுமா?

வேண்டியதில்லை. பல குழுமங்கள் சறுக்குவது இங்கேதான். ஹோட்டலின் அறைப்பதிவு மென்பொருளும் தோட்டத்தின் செக்ரோல் மென்பொருளும் ஏன் ஒன்றாக இருக்க வேண்டும்? ஒன்றாக்க வேண்டியவை ஐந்துதான் என்பது என் கணக்கு: யார் பதில் சொல்வது, ஆபத்தை எந்த அளவுகோலால் அளப்பது, சம்பவத்தை யாருக்கு எப்படி அறிவிப்பது, ஆள் வேலைக்கு வரும்போதும் போகும்போதும் கணக்கைத் திறந்து மூடுவது, காப்புப் பிரதியை மீட்டுப் பார்ப்பது. மற்றவற்றில் அவரவர் வசதி.

தேயிலைக்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். 600 மீற்றருக்குக் கீழ் தாழ்நிலத் தேயிலை, 1200 வரை நடுநிலம், அதற்கு மேல் உயர்நிலம். கொழுந்து, வாட்டும் நேரம், நிறம் எல்லாம் வேறு. ஆனாலும் கொழும்பு ஏலத்தில் எல்லாரும் ஒரே தரப் பெயர்களில்தான் பேசுகிறார்கள். அந்தப் பொதுப் பெயர்கள் இல்லாவிட்டால் ஏலமே நடக்காது. இங்கே ஆபத்தின் அளவுகோல் அந்தத் தரப் பெயர் மாதிரி. ஒரு தோட்டத்தின் "அதிக ஆபத்து" இன்னொரு தோட்டத்தின் "நடுத்தரம்" ஆக இருந்தால் சபையில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பேச முடியாது.

5. ஐஎஸ்ஓ 27001-ஆ, நிஸ்டா? ஒவ்வொரு ஆலோசகரும் ஒவ்வொண்ணு சொல்றாங்க.

இரண்டும் தகவல் பாதுகாப்பை எப்படி ஒழுங்குபடுத்துவது என்று சொல்பவை, முதலாவது சர்வதேச நியமம், மற்றது அமெரிக்கச் சட்டகம். எதையும் எடுக்கலாம், ஆனால் ஒன்றை எடுங்கள். ஐஎஸ்ஓ 27001-ன் 2022 பதிப்பில் 93 கட்டுப்பாடுகள் உண்டு: அமைப்பு சார்ந்தவை 37, ஆட்கள் சார்ந்தவை 8, இடம் சார்ந்தவை 14, தொழில்நுட்பம் சார்ந்தவை 34. அமெரிக்காவின் நிஸ்ட் சட்டகம் 2024 பெப்ரவரியில் இரண்டாம் பதிப்பாக வந்தபோது பழைய ஐந்து பகுதிகளோடு "ஆளுதல்" என்று ஆறாவதைச் சேர்த்தது. 1-ம் கேள்வியில் நான் சொன்னதுதான் அந்த ஆறாவது.

நாங்கள் ஐஎஸ்ஓவைப் பொது மொழியாக வைத்துக்கொண்டோம். சான்றிதழ் வாங்கியது வெளிநாட்டு வாங்குநர் கேட்ட ஏற்றுமதிக் கம்பனி மட்டும். தோட்டங்களுக்குச் சான்றிதழ் வாங்குவது இப்போதைக்குக் காசுக்குக் கேடு என்பது என் அபிப்பிராயம், இதை ஏற்காதவர்களும் எங்களுக்குள்ளேயே இருக்கிறார்கள். இன்னொன்று: உங்கள் கையேட்டில் இன்னமும் "114 கட்டுப்பாடுகள்" என்று இருந்தால் அது 2013 பதிப்பு. யாரும் அதைத் திறந்து பார்க்கவில்லை என்று அந்த எண்ணே காட்டிக்கொடுத்துவிடும்.

6. ஹோட்டலுக்குக் கார்ட் விதி இருக்கு. அதையே எல்லாருக்கும் போட்டா சமமாகிடாதா?

சமமாகும், ஆனால் சுமக்க முடியாது. கடனட்டைக்கான பிசிஐ டிஎஸ்எஸ் நியமத்தில் 12 தலைப்புகள் இருக்கின்றன, ஒவ்வொன்றின் கீழும் நுணுக்கமான நிபந்தனைகள். அட்டையே தொடாத டிவிஷன் ஒப்பீஸுக்கு அது எதற்கு? எல்லாருக்கும் ஒரு அடித்தளம், தேவைப்படுகிறவர்களுக்கு அதற்கு மேல் ஒரு மாடி. ஹோட்டலுக்கு அட்டை மாடி, நீர்மின் நிலையத்துக்கு இயந்திரக் கட்டுப்பாட்டு மாடி. அடித்தளத்துக்குக் கீழே இறங்க யாருக்கும் அனுமதி இல்லை. விதிவிலக்கு கேட்கலாம், 11-ம் கேள்வியைப் பாருங்கள்.

7. ஒப்பீஸ்ல பாஸ்வேர்ட் எல்லாருக்கும் ஒண்ணுதான். கிளாக்கர் லீவு போட்டா வேலை நின்னுடும்ல?

இந்தக் கேள்விக்கு நான் கோபப்படுவதில்லை. வேலை நிற்கக் கூடாது என்ற அக்கறையில்தான் அப்படிச் செய்கிறார்கள். ஆனால் இதன் விலையை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

முன்பு வேலை செய்த ஒரு தோட்டத்தில், ஒரு மாதச் செக்ரோலில் பல பேருக்கு முழுப் பேர் அரைப் பேராக மாறியிருந்தது. சம்பளச் சீட்டு கைக்கு வந்ததும் கொந்தளிப்பு. கணினியில் மாற்றம் பதிவாகியிருந்தது, நேரமும் இருந்தது, செய்தவர் பெயரும் இருந்தது. ஆனால் அந்தப் பெயரில் நான்கு பேர் நுழைந்துகொண்டிருந்தார்கள். தவறா, வேண்டுமென்றே செய்ததா, யார் செய்தது, எதுவும் நிரூபணமாகவில்லை. நால்வரில் வயதில் இளையவனை வேறு தோட்டத்துக்கு மாற்றினார்கள். அவன் செய்யவில்லை என்று இன்றுவரை நினைக்கிறேன், ஆனால் அதைக் காட்ட என்னிடமும் ஒன்றும் இருக்கவில்லை. தனிக் கணக்கு கிளாக்கரை வேவு பார்க்க என்று சொல்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். அவனுக்கென்று ஒரு தனிக் கணக்கு இருந்திருந்தால் அதுவே அவனுக்குச் சாட்சி சொல்லியிருக்கும்.

லீவுப் பிரச்சினைக்குத் தீர்வு இருக்கிறது. ஒவ்வொரு முக்கிய வேலைக்கும் இரண்டாவது ஆள் ஒருவரை முன்கூட்டியே குறித்து, அவருடைய சொந்தக் கணக்கிலேயே அந்த அனுமதியைக் கொடுங்கள். லீவு நாளில் மட்டும் திறந்து மூடுவதும் பெரும்பாலான மென்பொருள்களில் முடியும். முடியாத மென்பொருளை அடுத்த முறை வாங்காதீர்கள்.

8. ஓடிபி வரணும்னா மேட்டுக்கு ஏறி நிக்கணும். சிக்னல் இல்லாத டிவிஷன்ல இதெல்லாம் நடக்குமா?

கொழும்பில் இருந்து விதி எழுதியவர்கள் யோசிக்காத விஷயம் இது. இரண்டாம் கட்டச் சரிபார்ப்புக்குக் குறுஞ்செய்தியை நம்ப வேண்டாம். தொலைபேசியில் நிறுவும் சரிபார்ப்புச் செயலி தன் ஆறு இலக்க எண்ணை நேரத்தை வைத்தே கணக்கிடுகிறது, சிக்னல் தேவையில்லை. தொலைபேசியின் கடிகாரம் மட்டும் சரியாக இருக்க வேண்டும். ஸ்மார்ட் தொலைபேசி இல்லாதவர்களுக்கு யூஎஸ்பியில் செருகும் பாதுகாப்புச் சாவி கொடுக்கலாம். அதைக் கணினியிலேயே செருகிவைத்துவிட்டு வீட்டுக்குப் போனால் பயனில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

வயலில் கொண்டுபோகும் டெப் கருவிகள் இணைப்பில்லாமல் பதிந்துகொண்டு ஒப்பீஸுக்கு வந்ததும் அனுப்பும். இடைப்பட்ட நேரத்தில் தரவு அந்தக் கருவியில்தான் இருக்கிறது. அதனால் மறைகுறியாக்கமும் (சாவி இல்லாதவர் தரவை வாசிக்க முடியாதபடி மாற்றுவது) திரைப்பூட்டும் அடித்தள விதி. மென்பொருள் புதுப்பிப்புகளுக்குத் தோட்டங்களுக்கு மற்றவர்களைவிடக் கூடுதல் நாட்கள் கொடுத்திருக்கிறோம். கெடு ஒன்று இருக்கிறது, அது நடக்கக்கூடியதாக இருக்கிறது. நடக்காது என்று தெரிந்தே போட்ட கெடு மற்ற விதிகளின் மரியாதையையும் கெடுக்கும்.

9. பெக்கப் எடுக்கிறோமே. ஹார்ட் டிஸ்க் அதே மேசை லாச்சியிலதான் இருக்கு, பத்திரமா.

பூட்டிய லாச்சியும் மண்ணோடு போகும். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்ததை மறந்தவர் இங்கே இல்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது பதுளை, நுவரெலியா, கண்டி, மாத்தளை மாவட்டங்களில் சரிவுகளால் பாதைகள் அறுந்தன, மின்சாரமும் தொடர்பும் போயின. கணினியும் அதன் காப்புப் பிரதியும் ஒரே சரிவில் இருந்தால் இரண்டும் ஒரே பொருள்தான். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில் என்பது பழைய விதி. "வேறு இடம்" என்றால் வேறு மலை என்று எங்கள் கொள்கையில் எழுதிவைத்திருக்கிறோம். பக்கத்துத் தோட்டத்தில் வைப்பதானால், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விடுக்கும்போது இரண்டு தோட்டமும் ஒரே பிரதேச செயலகப் பிரிவில் அகப்படுகிறதா என்று பாருங்கள்.

கிளவுட்டில் இருப்பதால் மட்டும் பிரதி இருக்கிறது என்று அர்த்தமில்லை. 2023 ஓகஸ்டில் இலங்கை அரசாங்க கிளவுட்டை ரான்சம்வெயார் (கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் தீய மென்பொருள்) தாக்கியபோது ஏறத்தாழ 5,000 அரச மின்னஞ்சல் கணக்குகளில் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையிலான தரவு போய்விட்டது. அந்தக் காலத்துக்கு இணைப்பிலிருந்து விலகிய பிரதி இருக்கவில்லை. எப்போதும் வலையமைப்போடு இணைந்திருக்கும் பிரதியையும் ரான்சம்வெயார் பூட்டிவிடும்.

இன்னொரு கதை. 2017 ஜூனில் நொட்பெட்யா என்ற தீய மென்பொருளின் தாக்குதலில் மெர்ஸ்க் கப்பல் கம்பனி விழுந்தது. உக்ரேனில் பாவித்த ஒரு கணக்கியல் மென்பொருள் வழியாக உள்ளே வந்த அது உலகம் முழுவதுமுள்ள கிளைகளுக்குப் பரவியது. யார் எந்தக் கணினிக்குள் நுழையலாம் என்ற பட்டியலை வைத்திருக்கும் சேவர்கள் எல்லாம் அழிந்தன. மிஞ்சியது கானாவில் ஒன்று. அங்கே அந்த நேரம் கரண்ட் கட், அதனால் அது வலையமைப்பில் இல்லை! அந்த ஒன்றிலிருந்துதான் மீண்டெழுந்தார்கள். 10 நாட்களில் 4,000 சேவர்களையும் 45,000 கணினிகளையும் மறுபடி நிறுவியதாகப் பின்னர் அவர்களின் தலைவர் சொன்னார். கரண்ட் கட் நமக்குப் பழக்கம்தான், ஆனாலும் அதை நம்பித் திட்டம் போட முடியாது. துணைக் கம்பனிகளின் வலையமைப்புகளுக்கு இடையே சுவர் வேண்டும். ஒரு கிளையின் சிறிய மென்பொருள் முழுக் குழுமத்தையும் வீழ்த்தியதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல எனக்கு வேறு உதாரணம் தெரியவில்லை.

மீட்டுப் பார்க்காத பிரதியை நாங்கள் கணக்கில் எடுப்பதில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு பழைய செக்ரோலை வெறும் கணினியில் திறந்து காட்ட வேண்டும்.

10. ஏதாவது நடந்தா யாருக்குச் சொல்றது? சொன்னா நம்மளத்தானே ஏசுவாங்க? போர்மும் இங்கிலீஷ்ல இருக்கு.

முதலில் போர்ம். எங்கள் முதல் அறிவித்தல் படிவம் நான்கு பக்கம், முழுவதும் ஆங்கிலம். ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. சம்பவமே நடக்கவில்லை என்று அதற்கு அர்த்தமில்லை. இப்போது ஒரே ஒரு தொலைபேசி எண், எல்லாக் கம்பனிக்கும் பொது. தமிழிலோ சிங்களத்திலோ குரல் பதிவு அனுப்பினால் போதும், அந்த எண்ணில் இருப்பவரே படிவத்தை நிரப்புவார். கொள்கையும் மும்மொழியில் இருக்கிறது. மொழிபெயர்த்தபோது ஆங்கில மூலத்தில் அர்த்தமே இல்லாத இரண்டு பத்திகளைக் கண்டுபிடித்து வெட்டினோம் என்பது கொசுறு.

ஏச்சு விஷயம்: தவறி ஒரு இணைப்பைச் சொடுக்கியவர் உடனே சொன்னால் அவருக்குத் தண்டனை இல்லை என்று சபைத் தீர்மானத்திலேயே எழுதியிருக்கிறது. மறைத்தால்தான் பிரச்சினை. சொன்ன பிறகு கணினியை வலையமைப்பிலிருந்து கழற்றுங்கள், ஆனால் போர்மட் அடிக்காதீர்கள். 2007-ம் ஆண்டின் 24-ம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின் கீழ் முறைப்பாடு செய்யவேண்டி வந்தால் அதுதான் சாட்சி. பொலிஸுக்கும் இலங்கை சேர்ட்டுக்கும் (கணினிப் பாதுகாப்புச் சம்பவங்களைக் கவனிக்கும் தேசிய அமைப்பு) அறிவிப்பதா என்பதைக் குழுமமும் அந்தக் கம்பனியின் பொறுப்பாளியும் சேர்ந்து முடிவெடுப்பார்கள். தோட்டம் தனியாகத் தலையை உடைக்க வேண்டியதில்லை.

11. எங்க ஸ்டோர்ல ட்ரையர் கண்ட்ரோல் பண்ற கம்பியூட்டர் விண்டோஸ் 7. மாத்தினா மெசினே ஓடாது. விதிவிலக்கு கிடைக்குமா?

கிடைக்கும். விண்டோஸ் 7-க்கான மைக்ரோசொப்ட்டின் பொது ஆதரவு 2020 ஜனவரி 14-ல் முடிந்தது, ஆனாலும் இயந்திரம் கொடுத்தவர் புதிய மென்பொருள் தரும்வரை ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் என்ன செய்வார்? விதிவிலக்குக்கு மூன்று நிபந்தனை. ஆபத்தை ஏற்றுக் கையொப்பம் போடும் ஆள் கம்பனியின் பொறுப்பாளியாக இருக்க வேண்டும், கணினித் தம்பியாக இருக்கக் கூடாது. முடியும் திகதி வேண்டும். பதிலுக்கு ஒரு பாதுகாப்பு வேண்டும்: அந்தக் கணினி இணையத்திலும் ஒப்பீஸ் வலையமைப்பிலும் இருக்காது, யூஎஸ்பி அடைக்கப்பட்டிருக்கும், பாட்டுக் கேட்கப் பாவிக்கப்படாது. கடைசி நிபந்தனையை நான் சும்மா சேர்க்கவில்லை.

நீர்மின் நிலையத்துக்கும் இதே முறைதான். ஒப்பீஸில் தகவல் கசிவதுதான் முதல் பயம். அங்கே முதல் பயம் இயந்திரம் தவறாக ஓடி ஆளுக்கு ஆபத்து வருவது. அதனால் புதுப்பிப்பு வந்த இரவே போடு என்ற ஒப்பீஸ் விதி அங்கே பொருந்தாது, நிறுத்தும் நாளில்தான் போட முடியும்.

12. தொழிலாளர் விவரத்தைக் குழுமச் சம்பளப் பிரிவுக்கு அனுப்புறோம். நம்ம ஆளுங்கதானே, அதுக்கும் ஒப்பந்தமா?

ஆம். 3-ம் கேள்வியில் சொன்ன தனிச் சட்ட ஆள் விஷயம் இங்கே திரும்பி வருகிறது. 2022-ம் ஆண்டின் 9-ம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் பார்வையில், தன் தொழிலாளரின் தரவை எதற்காக எப்படிப் பாவிப்பது என்று தீர்மானிப்பது தோட்டக் கம்பனி. அதற்காகச் சம்பளம் கணக்கிடும் குழுமக் கம்பனி அதன் சார்பில் வேலை செய்யும் வேறொரு கம்பனி. இரண்டுக்கும் இடையே எழுத்தில் இருக்க வேண்டும். உடல்நலம், உயிரியல் அடையாளம், குழந்தைகளின் விவரம் ஆகியவை அந்தச் சட்டத்தில் விசேட வகை, ஆகவே 2-ம் கேள்வியின் மருந்தகப் பதிவேடும் கைவிரல் ரேகையும் பிள்ளைக் காம்பறாப் பட்டியலும் அதற்குள் வருகின்றன. இணங்காமைக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடி ரூபாய் வரை தண்டப்பணம் விதிக்க இடமிருக்கிறது. சட்டத்தின் பகுதிகள் ஒரே நாளில் அமுலுக்கு வந்தவையும் அல்ல, 2025-ல் திருத்தமும் வந்தது. எது எப்போதிலிருந்து என்று உங்கள் சட்டத்தரணியிடம் கேளுங்கள்.

அடையாள அட்டைப் படங்களை வாட்ஸ்அப் குழுவில் போடுவதை மட்டும் சட்டத்தரணிக்காகக் காத்திராமல் இன்றே நிறுத்தலாம்.

13. புதுசா ஒரு ஹோட்டல் வாங்கினோம். இன்னொண்ணுல நம்ம பங்கு 40 வீதம்தான். இவங்களை எப்படிச் சேர்க்கிறது?

வாங்கும்போது கட்டடத்தை, கணக்கை, காணி உறுதியை எல்லாம் பார்க்கிறோம். கணினியை யாரும் பார்ப்பதில்லை. மெரியட் குழுமம் ஸ்டார்வுட் ஹோட்டல்களை 2016-ல் வாங்கியது. ஸ்டார்வுட்டின் விருந்தினர் பதிவு முறைக்குள் 2014-லேயே ஆள் புகுந்திருந்தது 2018 செப்டெம்பரில்தான் தெரிந்தது. பிரித்தானியத் தகவல் ஆணையாளர் 2020-ல் 1 கோடி 84 இலட்சம் பவுண் தண்டம் விதித்தார், மெரியட்டுக்கு. வாங்கியவர் பழியையும் சேர்த்துத்தான் வாங்குகிறார். அதனால் புதிய ஹோட்டல் சோதனை முடியும்வரை எங்கள் வலையமைப்புக்கு வெளியே நிற்கும். மின்னஞ்சலைக்கூட அவசரப்பட்டு இணைப்பதில்லை.

40 வீதக் கம்பனிக்கு உத்தரவிட முடியாது. அங்கே நம் சார்பில் இருக்கும் பணிப்பாளர் சபையில் கேள்வி கேட்கலாம், பங்காளர் ஒப்பந்தத்தில் நிபந்தனை சேர்க்கலாம். நம் முறைகளோடு இணையக் கேட்டால் அடித்தளத்தை நிறைவேற்றிய பிறகே இணைப்பு. வெளி விநியோகஸ்தருக்கு என்ன நிபந்தனையோ அதேதான் இவர்களுக்கும்.

14. மாசா மாசம் எல்லாம் பச்சைன்னு ரிப்போர்ட் போடுறோம். சபை சந்தோசமா இருக்கு. என்ன குறை?

பச்சையாக இருப்பதுதான் குறை. தனக்குத் தானே புள்ளி போட்டால் யாரும் சிவப்புப் போட மாட்டார்கள், அதுவும் பக்கத்துத் தோட்டத்தோடு ஒப்பிட்டுச் சபையில் காட்டினால். நாங்கள் நிறத்தை எடுத்துவிட்டு மூன்று எண்களை மட்டும் கேட்கிறோம். விலகிய ஆளின் கணக்கை மூட எத்தனை நாள் எடுத்தது, கடைசியாகப் பிரதியை மீட்டுப் பார்த்தது எப்போது, திகதி தாண்டிய விதிவிலக்குகள் எத்தனை. சான்றைக் கையில் வைத்துக்கொண்டு உள்ளகக் கணக்காய்வு சரிபார்க்கும். முதல் தடவை வந்த எண்கள் அசிங்கமாக இருந்தன. அதைப் பார்த்துச் சபை காசு ஒதுக்கியது, பச்சைக்கு ஒரு சதமும் ஒதுக்கவில்லை.

15. பெரிய தொரயே பாஸ்வேர்டைக் கேட்டா கிளாக்கர் என்னங்க செய்றது?

இதை யாரும் சத்தமாகக் கேட்டதில்லை. வெளியே வந்து, வாகனத்தில் ஏறும்போதுதான் கேட்பார்கள். கொள்கையின் முதல் பக்கத்திலேயே இருக்கிறது: முகாமைப் பணிப்பாளர் உட்பட யாரும் இன்னொருவரின் கடவுச்சொல்லைக் கேட்கக் கூடாது. ஆனால் துரைக்கு எதிரில் நின்று முதல் பக்கத்தை வாசித்துக் காட்ட எந்தக் கிளாக்கரால் முடியும்? அதனால் அவருக்கு ஒரே ஒரு வாக்கியம் கொடுத்திருக்கிறோம்: "ஐயா, கேட்டா அந்த நம்பருக்குப் போன் பண்ணச் சொல்லியிருக்காங்க." 10-ம் கேள்வியின் அதே எண்தான். மறுப்பது கிளாக்கராக இருக்க வேண்டியதில்லை, நாங்கள் மறுத்துக்கொள்கிறோம்.

ஒரு நாள் அந்த எண்ணுக்குத் துரை ஒருவரே எடுத்தார், நல்ல கோபம். ஏன் கேட்டீர்கள் என்று விசாரித்தால், மாதக் கடைசியில் கொழுந்துக் கணக்கைத் தானே பார்க்க வேறு வழி அவருக்கு இருக்கவில்லை. அந்தத் தோட்டத்துக்குக் கணக்குகள் திறந்தபோது கிளாக்கர்மாருக்குத் திறந்தோம், ஸ்டோருக்குத் திறந்தோம், துரையை மறந்துவிட்டோம். அன்று பின்னேரமே பார்க்க மட்டும் அனுமதியுள்ள ஒரு கணக்கு அவர் பெயரில் போயிற்று.